792-இல் ஒன்று குறைகிறது

எங்கள் குடும்பத்தில் பேஸ்பால் ஆடியவர் யாரும் இல்லை. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் நான் வளர்ந்த தெருவிலும் இல்லை. டர்பன் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் உண்டு, கால்பந்து உண்டு, அதோடு சரி. அப்படியிருக்க என் அலமாரியில் 791 பேஸ்பால் அட்டைகள் (முன்பக்கம் ஆட்டக்காரர் படம், பின்பக்கம் அவருடைய ஆட்டக் கணக்கு) எப்படி வந்தன என்று கேட்காத உறவுக்காரர் கிடையாது.

எல்லாம் மாமாவால் வந்தது. துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களுக்குக் காய்கறி, இறைச்சி, சோப்பு என்று சாமான் கொண்டுபோய்ப் போடும் வேன் ஓட்டினார். 1995-இல், எனக்குப் பதினோரு வயது, ஒரு கப்பலின் அமெரிக்கச் சமையற்காரர் மாமாவின் சாப்பாட்டு டப்பாவில் இருந்த மாங்காய் அச்சாரை (ஊறுகாயை) ருசி பார்த்துவிட்டு இன்னும் வேண்டும் என்றாராம். மறுநாள் இரண்டு பாட்டில் போனது. பதிலுக்கு வந்தது ஒரு செருப்புப் பெட்டி நிறைய அட்டை.

"ஏன்டா, ரெண்டு பாட்டில் அச்சாருக்கு இந்தக் காகிதமா?" என்று ஆயா மாமாவைப் பிடித்துக்கொண்டார். (எங்கள் ஊரில் ஆயா என்றால் பாட்டி.) பெட்டி என்னிடம் வந்துவிட்டது.

டாப்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் 1987 அட்டைகள் அவை. நாலு பக்கமும் மரப்பலகை மாதிரி அச்சிட்ட ஓரம், எங்கள் வீட்டுப் பழைய ரேடியோகிராம் பெட்டியை நினைவுபடுத்தும். நடுவில் மீசை வைத்த ஆட்கள். எங்கள் சித்தப்பாக்களில் பாதிப்பேருக்கு அப்போது அதே மீசைதான். பெட்டியின் அடியில் பிரிக்காத பாக்கெட் மூன்று கிடந்தன. ஒவ்வொன்றிலும் 17 அட்டையும் ஒரு பபிள்கம் பட்டையும். எட்டு வருஷத்துப் பபிள்கம். வாயில் போட்டேன், அப்பளம் மாதிரி நொறுங்கியது. அது ஒட்டிக் கிடந்த அட்டையில் இன்றும் ஒரு கறை இருக்கிறது.

தாத்தா கிரிக்கெட் பைத்தியம். ஒரு அட்டையைத் திருப்பிப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "ஆவரேஜ் பாயிண்ட் டூ எய்ட் செவனா? அரை ரன்கூட அடிக்காதவனுக்கு எதுக்கும்மா படம்?" பேஸ்பாலில் அந்தக் கணக்கே வேறு, பத்து முறைக்கு மூன்று முறை ஹிட் (அவுட் ஆகாமல் முதல் தளத்தையாவது எட்டும் அடி) அடித்தாலே அங்கே அவன் பெரிய ஆள் என்று நான் கண்டுபிடித்துச் சொல்ல ஒரு வருஷம் ஆனது. பத்துக்கு ஏழு தடவை அவுட் ஆகிறவனுக்கு மாலையா என்று அவருக்குக் கடைசிவரை ஒப்பவில்லை.

எனக்கு அந்தப் பின்பக்கம்தான் பிடித்துப்போனது. ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு வரி. ஒரே ஊரின் பெயர் ஆறேழு வரி வரும், அப்புறம் திடீரென்று வேறு ஊர், அடுத்த வரியில் இன்னொன்று. பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனாரா, விட்டுவிட்டுப் போனாரா? ஒரு வருஷம் வெறும் பன்னிரண்டு ஆட்டம் என்றால் முழங்காலா, தோளா? பத்து வரி எண்களை வைத்துக்கொண்டு ஒரு ஆளின் வாழ்க்கையை ஊகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். புகழ்பெற்றவர்களிடம் இந்தச் சுகம் கிடையாது, அவர்களைப் பற்றித்தான் எல்லாரும் எழுதிவிட்டார்களே.

அடுக்குவது இன்னொரு சுகம். ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு எண் உண்டு. முதலில் நூறு நூறாக, அப்புறம் பத்துப் பத்தாக, கடைசியில் வரிசையாக. வராண்டாத் தரை முழுக்க எட்டுக் குவியல். இரட்டை, மூன்றாவது என்று கழித்தால் முதல் பெட்டியில் வெவ்வேறு அட்டை 540 தேறியது. முழுத் தொகுப்பு 792. ஒரு பெரிய தாளில் 132 அட்டை அடித்து வெட்டுவார்கள், அப்படி ஆறு தாள், அதுதான் கணக்கு. நான் மருந்துக்கடையில் இருப்புக் கணக்குப் பார்க்கிறவள். இந்தப் பழக்கம்தான் அந்த வேலைக்குக் கொண்டுபோய்விட்டதோ என்று தோன்றும்.

2022 ஆகஸ்டில் என் வீட்டுக்காரர் செய்தியைப் படித்துவிட்டு ஓடிவந்தார். பழைய பேஸ்பால் நட்சத்திரம் மிக்கி மேன்டிலின் 1952 டாப்ஸ் அட்டை ஒன்று ஏலத்தில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போயிருந்தது. "நம்மகிட்ட அந்த ஆள் இருக்காரா?" இல்லை. 1952-இல் விற்காமல் தேங்கிய பெட்டிகளை, இடத்தை அடைக்கிறது என்று, 1960-இல் அந்தக் கம்பெனிக்காரர்களே படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டார்கள். மிஞ்சியது அருமையானது. 1987-ஐ யாரும் கடலில் கொட்டவில்லை. அப்போதே ஏறியிருந்த மேன்டில் விலையைக் கேட்ட ஆசையில் ஆளாளுக்கு வாங்கிப் பத்திரப்படுத்த, கம்பெனியும் அடித்துத் தள்ள, இன்றைக்கும் சீந்துவாரில்லை. என் அட்டைகள் மொத்தத்தையும் விற்றால் ஒரு நல்ல பிரஷர் குக்கர் வரலாம். வீட்டுக்காரரின் முகம் விழுந்துவிட்டது.

அதே வருஷம் ஏப்ரலில் எங்கள் ஊரில் வெள்ளம். நானூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போன வெள்ளத்தில் அட்டை நனைந்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. கராஜுக்குள் முழங்கால் அளவு தண்ணீர், 63 அட்டைகள் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டன. மற்றபடி டர்பன் ஈரக்காற்றும் ராமபாணப் பூச்சியும்தான் நிரந்தர எதிரிகள். இப்போது எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள், படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில்.

அவற்றோடு சேராத அட்டை இரண்டு வைத்திருக்கிறேன். இரண்டும் கிஃப்ட் ங்கோபேயுடையவை. (சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ங-வுக்கு ஒரு சொல் கேட்டால் வாத்தியார் முழிப்பார். இதோ, ஒரு பெயர்!) ஜோகன்னஸ்பர்க் பக்கத்து ரேண்ட்பர்க் மெட்ஸ் பேஸ்பால் கிளப்பில் அவருடைய அம்மா வேலை பார்த்தார். கிளப் கட்டடத்திலேயே ஒரு அறையில் வளர்ந்த பிள்ளை. 2008-இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற அமெரிக்க அணி எடுத்துக்கொண்டது, கீழ் லீக்குகளிலேயே ஒன்பது வருஷம் கிடந்தார். 2017 ஏப்ரல் 26 அன்று மேலே கூப்பிட்டார்கள். ஆப்பிரிக்காவில் பிறந்து வளர்ந்து, அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் ஆடிய முதல் ஆள். முதல் முறை மட்டை பிடித்ததிலேயே, ஜான் லெஸ்டர் போட்ட பந்தில் ஹிட். அன்றைக்கு நான் கடையில் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே நின்று போனில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். தாத்தா இருந்திருந்தால் முதலில் ஆவரேஜ் கேட்டிருப்பார்.

வெள்ளத்தில் போனவற்றை ஒவ்வொன்றாக அமெரிக்காவிலிருந்து வரவழைத்தேன். அட்டை சில சென்ட், தபால்கூலி அதைப்போல நூறு மடங்கு. ஒரு உறை ஏழு மாதம் கழித்து வந்தது. இன்னும் வராதது ஒன்றே ஒன்று, கடைசி எண், 792. அதில் ஆளே கிடையாது. 661 முதல் 792 வரை யார் யார் என்ற பட்டியல், பெயருக்குப் பக்கத்தில் டிக் போடச் சின்னக் கட்டம். டிக் போடாத சுத்தமான அட்டையைத்தான் சேகரிக்கிறவர்கள் தேடுவார்கள். நான் போன வாரம் பணம் கட்டியது டிக் போட்ட ஒன்றுக்கு. விற்கிறவர் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எந்தப் பிள்ளையோ பென்சிலால், கட்டத்தை விட்டு வெளியே போகாமல், பொறுமையாகப் போட்டிருக்கிறது. 702-க்கு அப்புறம் டிக் இல்லை.

பென்சில் சீவி வைத்திருக்கிறேன்.