சந்தா கட்டாதவனின் கூரை

பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதச் சொல்லிச் செயலாளர் கேட்டதும் எனக்கு விளையாட்டுப் போட்டியோ பரிசளிப்பு விழாவோ நினைவுக்கு வரவில்லை. உயர்தர வகுப்பு மாணவர் மன்றத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நடந்த விவாதம்தான் மனதில் வந்து நின்றது. அரசறிவியல் சேர் கரும்பலகையில் தலைப்பை எழுதினார்: "அரசின் அதிகாரம் சுருங்கச் சுருங்க மக்களுக்கு நன்மை." ஆதரித்துப் பேசும் அணிக்கு நான் தலைவன்.

தொடக்கம் எங்கள் பக்கமே சாய்ந்தது. பிறகு எதிரணியிலிருந்து ஒரு தோழி எழுந்தாள். "நாட்டை யார் காப்பது?" வேண்டியவர்கள் சந்தா கட்டிப் படை வைத்துக்கொள்ளட்டும் என்றேன். "சந்தா கட்டாதவனின் கூரைமேல் விழ வருகிற குண்டை உங்கள் படை தடுக்குமா, விட்டுவிடுமா?" என்று கேட்டாள். விட்டால் பக்கத்து வீடும் சேர்ந்து எரியும். தடுத்தாலோ அடுத்த மாதம் ஒருவரும் சந்தா கட்டமாட்டார்கள். பொருளியலில் இதைப் பொதுப் பண்டத்தின் சிக்கல் என்பார்கள் என்று பின்னாளில் படித்தேன். அன்று எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் அணி தோற்றது.

திங்கட்கிழமை சேர் பாடத்தைத் தொடங்கவில்லை. இரண்டு கதைகள் சொன்னார்.

முதலாவது போலந்து. அரசனை நம்பாத பிரபுக்கள் அங்கே தங்களுக்கென ஓர் உரிமை வைத்திருந்தார்கள். நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு பிரதிநிதி மறுத்தால் போதும், கூட்டமே கலைந்துவிடும், அதுவரை எடுத்த முடிவுகளும் செல்லாது. 1717இல் படைக்கு 24,000 பேர் என்று வரம்பு கட்டினார்கள். சுற்றியிருந்த ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் பெரும்படைகளை வளர்த்துக்கொண்டிருந்த காலம் அது. வரியைக் கூட்டிப் படையைப் பெருக்கும் முயற்சி ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் மறுப்பில் முடங்கியது. மறுப்பவருக்கு அயல்நாட்டுப் பணம் கொடுப்பதும் நடந்தது. அந்த உரிமையை 1791 மே 3ஆம் தேதி அரசியல் சட்டம் நீக்கியபோது காலம் கடந்திருந்தது. 1772, 1793, 1795 என அண்டை நாடுகள் செய்த மூன்று பங்கீடுகளில் நாடு வரைபடத்திலிருந்தே மறைந்தது. 1918 வரை அது திரும்பவில்லை.

இரண்டாவது இங்கிலாந்து. கடற்கொள்ளையர் தொல்லை உண்மையாகவே இருந்தது. அதைக் காரணம் காட்டி மன்னன் முதலாம் சார்லஸ் 1634இல் கரையோர ஊர்களிடம் கப்பல் பணம் என்ற வரியை வாங்கினான். மறு ஆண்டே கடலைப் பாராத உள்நாட்டு மாவட்டங்களுக்கும் அதை விரித்தான். நாடாளுமன்றத்தைக் கேட்கவில்லை. ஜான் ஹாம்ப்டன் என்ற நிலக்கிழார் கட்ட மறுத்து வழக்காடினார். பன்னிரண்டு நீதிபதிகளில் ஏழு பேர் மன்னன் பக்கம் நின்றார்கள். அந்தத் தீர்ப்பின்படி ஆபத்து எப்போது என்பதையும் மன்னனே சொல்வான், அதற்கான தொகையையும் அவனே குறிப்பான். 1642இல் மன்னனுக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது.

"பூட்டைப் படைமேல் போட்டவன் நாட்டை இழந்தான். பூட்டே போடாத இடத்தில் உள்நாட்டுப் போர் வந்தது. பணப்பெட்டிமேல் போடப் பாருங்கள்" என்றார் சேர். பிறகு இங்கிலாந்தின் 1689ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்துக்கு வந்தார். அமைதிக் காலத்தில் நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் நிலைப்படை வைக்கக் கூடாது என்கிறது அது. 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டம் தரைப்படையின் அளவைத் தொடவில்லை. அதற்கான நிதி ஒதுக்கீடு இரண்டு ஆண்டுகளைத் தாண்டக் கூடாது என்று மட்டும் வரம்பு வைத்தது. எத்தனை இலட்சம் பேரையும் சேர்க்கலாம், ஆனால் இரண்டு ஆண்டுக்குள் மக்களின் பிரதிநிதிகள் முன் வந்து மறுபடி கேட்டாக வேண்டும். அந்த ஏற்பாட்டின் அழகு அன்றே என்னைப் பிடித்துக்கொண்டது. நான் கணக்காய்வுத் தொழிலுக்கு வந்ததில் அந்த ஒரு பாடவேளைக்குப் பங்குண்டு.

தொழிலுக்கு வந்த பிறகுதான் பெட்டியின் பூட்டும் எளிதில் நெகிழும் என்று கண்டேன். ஒரு போர்க்கப்பலைத் திட்டமிட்டுக் கட்டி முடிக்கப் பத்து ஆண்டுக்கு மேலும் ஆகும். பாதி கட்டிய கப்பலுக்குப் பணம் மறுக்க எந்த உறுப்பினருக்கும் மனம் வராது. செய்து கொடுக்க ஒரே நிறுவனம்தான் உண்டென்றால் விலை பேச இடமில்லை. போருக்கென்று வந்த வரி போருக்குப் பின் ஒரேயடியாகப் போவதும் அரிது. பிரான்சோடு போரிட 1799இல் பிரிட்டன் கொண்டுவந்த வருமான வரி 1816இல் ஒழிந்தது. 1842இல் அமைதிக் காலத்திலேயே திரும்பி வந்து இன்றுவரை இருக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை முழுமைக்கும் முதல் கணக்காய்வு நடந்ததே 2018இல்தான். அதில் அது தேறவில்லை, அடுத்தடுத்த ஆண்டுகளிலும் தேறவில்லை. கணக்கைப் பார்க்க முடியாத பெட்டிக்குப் பூட்டு இருந்து என்ன? என்னை உறக்கம் இழக்க வைத்த கேள்வி இது.

சேர் மறைந்த செய்தியை இந்தச் சங்கத்தின் கடிதத்தில்தான் படித்தேன். அவரிடம் இதையெல்லாம் சொல்லக் கிடைக்கவில்லை என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

சென்ற ஒன்றுகூடலில் அந்தத் தோழியைக் கண்டேன். பார்த்ததும், "கூரைக்குப் பதில் கிடைத்ததா?" என்றாள். கிடைத்தது என்றேன். சந்தா சரிவராது, எல்லாரிடமும் வரி வாங்கித்தான் காக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு அனுமதிக்கும் காலக்கெடு வேண்டும், கெடு முடிந்தால் தானாகச் சாக வேண்டும், நீட்டிக்க விரும்புகிறவர் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். அவள் விடவில்லை. "இரகசியச் செலவுக்கு யார் காரணம் சொல்வது? சொன்னால் எதிரிக்கும் கேட்குமே." 1976இல் அமெரிக்க செனட் உளவுத் துறையைக் கண்காணிக்க ஒரு நிரந்தரக் குழு வைத்ததைச் சொன்னேன். சிலர் மட்டும் மூடிய அறையில் இரகசியக் கணக்குகளைப் பார்க்கிறார்கள். "பார்த்ததைத் தங்களுக்கு வாக்களித்தவர்களிடம் சொல்ல முடியுமா?" முடியாது. அந்த இடத்தில் நாங்கள் இருவரும் இன்னும் உடன்படவில்லை. அவளுக்கு அந்தச் சிலர் போதாது. எனக்கு, ஒருவரும் பாராத கணக்கைவிட அந்தச் சிலராவது பார்த்த கணக்கு மேல். அடுத்த ஒன்றுகூடலில் இதை விவாதத் தலைப்பாக வைக்கும்படி செயலாளரிடம் கேட்டிருக்கிறோம். இம்முறையும் அவள் எதிரணியில்தான்.