மலைக்கு அந்தப் பக்கம்: பினாங்கில் ஒரு பகல் சுற்றுலா

மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு உறவினர்கள் வந்தால் எங்கே அழைத்துச் செல்வது என்பதில் ஜார்ஜ் டவுன்வாசிகளான எங்களுக்கு யோசனை பெரிதாகத் தேவைப்படுவதில்லை. கொடிமலைக்கு மலை ரயிலில் ஏறுவது, தண்ணீர்மலையில் 513 படிகளைக் கடந்து முருகனைக் கும்பிடுவது, லிட்டில் இந்தியாவில் துணிக்கடைகளைச் சுற்றுவது, மாலையில் கடற்கரையோரம் உலாவுவது என்ற வரிசை பெரும்பாலான வீடுகளில் மாறுவதே இல்லை. இவை அனைத்தும் தீவின் கிழக்குப் பக்கத்திலேயே முடிந்துவிடுகின்றன. நடுவில் நிற்கும் மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் பாலிக் புலாவ் வட்டாரம் இருக்கிறது. ஜாதிக்காய், கிராம்பு, டுரியான், கொஞ்சம் நெல், ஆட்டுப் பண்ணைகள் என்று விளைநிலமாகவே எஞ்சியிருக்கும் பகுதி அது. ஏறத்தாழ 295 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு தீவில் இவ்வளவு அருகில் இருக்கும் இடத்தை ஆண்டுக்கு ஒரு முறைகூட எட்டிப் பார்க்காதவர்கள் எங்கள் தெருவிலேயே பலர்.

மதுரையிலிருந்து என் சித்தியும், சித்தி மகள் குடும்பமும் வந்திருந்தபோது, அந்த மேற்குப் பக்கத்தை வழிகாட்டியோடு பார்ப்பது என்று முடிவு செய்தேன். சொந்த வண்டியில் நானே ஓட்டிச் சென்றிருக்கலாம். சாலை எனக்குத் தெரியாததல்ல. ஆனால் தோட்டங்களில் பெயர்ப்பலகைகள் சொல்லும் செய்தி குறைவு. சொல்வதற்கு ஆள் வேண்டும். அத்துடன் எந்த நேரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்ற கணக்கு அந்தப் பக்கத்தில் அன்றாடம் புழங்குபவர்களுக்கே கைவரும். மலேசியாவில் சுற்றுலா வழிகாட்டிகள் சுற்றுலா அமைச்சின் உரிமம் பெற்றவர்களாக இருக்க வேண்டும். கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்த்துவிட்டே பணம் கட்டுவது நல்லது.

எங்களுக்கு அமைந்த வழிகாட்டி, ஆயர் ஈத்தாமைச் சேர்ந்த தமிழர். பிள்ளைகள் அவரை 'அங்கிள்' என்றும் நாங்கள் 'அண்ணன்' என்றும் அழைத்தோம். முன்பதிவுக்குப் பேசியபோதே, நீச்சல் தெரியாதவர்கள் யார், முழங்கால் வலி யாருக்கு என்று கேட்டுக்கொண்ட அவர், அன்றைய வரிசையையும் சொல்லிவிட்டார்: அருவி முதலில், பழத்தோட்டம் அடுத்து, சாப்பாடு, அதற்குப் பிறகே ஜாதிக்காயும் ஆடுகளும். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. பினாங்கு மலைகளில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கனக்கிறது. ஆகவே அருவியில் காலையில் இறங்கிக் காலையிலேயே ஏறிவிட வேண்டும். டுரியான் பழங்களோ பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் உதிர்கின்றன. பொறுக்கிய சில மணி நேரத்துக்குள் உண்டால்தான் அதன் முழுச் சுவை கிடைக்கும். ஆடுகளுக்கு மட்டும் நேரம் ஒரு பொருட்டில்லை.

தஞ்சோங் பூங்கா, பத்து ஃபிரிங்கி கடற்கரைகளைத் தாண்டி, தெலுக் பஹாங் ரவுண்டானாவில் இடப்பக்கம் திரும்பியதும் காட்சி மாறிவிடுகிறது. ஹோட்டல்கள் மறைந்து, தீவின் மிகப் பெரிய அணையான தெலுக் பஹாங் அணை ஒரு பக்கம் தெரிய, சாலை வளைந்து வளைந்து மேலேறுகிறது. 2017 நவம்பரில் பினாங்கைப் புரட்டிப்போட்ட பெருமழையின்போது மண்சரிவால் மூடப்பட்ட சாலைகளில் இதுவும் ஒன்று. ஏற்றம் முடிந்து இறங்கத் தொடங்கும் பகுதியில், சாலையோரப் பழக்கடைகளை ஒட்டித் தித்தி கெராவாங் நீர்வீழ்ச்சி இருக்கிறது.

குற்றாலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தலையில் அறைந்து விழும் பேரருவி அல்ல இது. கருங்கல் பாறைகளுக்கிடையே படிப்படியாக இறங்கி, ஆங்காங்கே குளம்போலத் தேங்கி நிற்கும் ஓடை இது. அருகிலேயே செல்லும் தடித்த குழாய்கள், இந்த மலைநீரில் ஒரு பங்கு குடிநீருக்குப் போகிறது என்பதை நினைவூட்டுகின்றன. தண்ணீர் மிகக் குளிர்ச்சியானது. ஜார்ஜ் டவுன் வெயிலில் வெந்துபோன உடம்புக்கு முதல் முழுக்கில் மூச்சே நின்றுவிடும். பாறைகளின் மேல் பாசி படர்ந்திருப்பதால் ரப்பர் அடிப்பாகம் கொண்ட காலணியோடு இறங்குவதே பாதுகாப்பு. வெறுங்காலோடு இறங்கியவர்கள் தவழ்ந்துதான் கரைசேர்ந்தார்கள்.

தண்ணீர்மலையில் தாவரவியல் பூங்காவுக்குப் பின்னால் இருக்கும் அருவியில் ஏன் குளிக்கக்கூடாது என்று சித்தி மகள் கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். ஊரின் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. 1884இல் தொடங்கப்பட்ட அந்தப் பூங்காவை ஒட்டிய அருவி நகரத்தின் நீர்வழங்கலுக்கென ஒதுக்கப்பட்டது. பொதுமக்கள் நினைத்தபடி உள்ளே போய்க் குளிக்க முடியாது. அதனால்தான் அருவிக் குளியல் என்று எவரேனும் விளம்பரம் செய்தால், எந்த அருவி என்று கேட்டுக்கொள்வது அவசியமாகிறது.

குளிப்பதற்கு முன் வழிகாட்டி பிள்ளைகளை நிறுத்திவைத்துச் சொன்ன பாடம், அன்றைய கட்டணத்தில் பாதிக்குச் சமம் என்று எனக்குத் தோன்றியது. மலேசிய ஆறுகளில் 'கெப்பாலா ஆயர்' என்று ஒன்று உண்டு. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்க, மேலே மலையில் பெய்த மழையின் வெள்ளம் திடீரென்று ஒரே வீச்சாக இறங்கி வரும். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு மட்டுமல்ல, இங்கேயே பிறந்து நகரத்தில் வளர்ந்தவர்களுக்கும் இதன் வேகம் தெரிவதில்லை. இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. தெளிந்த நீர் கலங்குவது, இலைகளும் சுள்ளிகளும் அதிகமாக மிதந்து வருவது, ஓசை கனப்பது ஆகியவை அதன் அறிகுறிகள். "தண்ணி கலங்குச்சுன்னா ஏன்னு கேட்டுக்கிட்டு நிக்கக் கூடாது தம்பி, துண்டு செருப்பெல்லாம் விட்டுட்டு மேல ஏறிடணும்," என்றார் சித்தி மகளின் மூத்த பையனிடம். அவரே நீரில் இறங்கவில்லை. நாங்கள் குளித்த நேரம் முழுவதும் மேட்டில் நின்று, ஓடை வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். காலில் புண் இருந்தவர்களையும் அவர் இறங்க விடவில்லை. எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் காய்ச்சல் இந்நாட்டின் குளியல் அருவிகளில் தெரிந்த ஆபத்துதான்.

அடுத்து டுரியான் தோட்டம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் டுரியானைப் பலாவின் பங்காளி என்றே கருதுகிறார்கள். முள்தோலைப் பார்த்து வரும் எண்ணம் அது. உண்மையில் பலா அத்தி, ஆலமரங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. டுரியானோ இலவமரமும் பருத்தியும் செம்பருத்தியும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பூக்கள் மாலையில் விரிந்து இரவில் வௌவால்களால் மகரந்தச் சேர்க்கை பெறுகின்றன. வௌவால்கள் பழந்தின்னிகள் என்று விரட்டப்படும் ஊர்களில் விளைச்சல் குறைந்தால் வியப்பதற்கில்லை என்று தோட்டக்காரரான சீன முதியவர் மலாயில் சொல்ல, வழிகாட்டி தமிழில் எங்களுக்கு எடுத்துரைத்தார்.

தோட்டம் என்ற சொல்லைக் கேட்டுச் சமதளத்தை எதிர்பார்த்துவிடக் கூடாது. செங்குத்தான சரிவில், ஒற்றையடிப் பாதைகளுக்கு மேலும் கீழுமாக முதிர்ந்த மரங்கள் நிற்கின்றன. மரங்களுக்கிடையே வலை கட்டப்பட்டிருக்கிறது. உதிரும் பழம் பாறையில் பட்டு வெடிக்காமலும், சரிவில் உருண்டு காணாமல் போகாமலும் அது தாங்கிக்கொள்ளும். தாய்லாந்தில் காயைப் பழுக்கும் முன்பே வெட்டி இறக்குவது வழக்கம். இங்கே பழம் தானாக விழும்வரை காத்திருக்கிறார்கள். பினாங்குக்காரர்கள் தங்கள் டுரியானைப் பற்றிப் பெருமை பேசுவதற்கு இந்தக் காத்திருப்பே அடிப்படை. நாடெங்கும் புகழ்பெற்ற மூசாங் கிங் என்ற டுரியான் வகையை இங்கே ஒரு படி கீழாகவே பேசுகிறார்கள். டி175 என்ற எண்ணில் பதிவான ஆங் ஹே, அதாவது செவ்விறால், டி163 என்ற எண்ணில் பதிவான ஹோர் லோர் ஆகிய இரண்டு வகைகளும்தான் இந்த மலைச்சரிவின் செல்லப்பிள்ளைகள். இனிப்பான பழத்தில் தொடங்கிக் கசப்பான பழத்தில் முடிக்க வேண்டும் என்பது தோட்டத்து மரபு. மாற்றி உண்டால் இனிப்புப் பழம் சப்பென்று ஆகிவிடும். சித்தி மகளின் கணவர் முதல் சுளையை மரியாதைக்காக விழுங்கினார், மூன்றாவதைத் தானே கேட்டு வாங்கினார். சித்தி மூக்கைப் பொத்திக்கொண்டு பத்தடி தள்ளி உட்கார்ந்து மங்குஸ்தானோடு நிறுத்திக்கொண்டார். டுரியான் சூடு, மங்குஸ்தான் குளிர்ச்சி என்ற கணக்கு இங்கே மலாய், சீன, தமிழ் வீடுகள் எல்லாவற்றுக்கும் பொது என்பதால் அவர் தேர்வை யாரும் குறை சொல்லவில்லை.

பாலிக் புலாவ் சந்தையருகே மதிய உணவு. நூடுல்ஸ் உணவான லக்சாவில் அசாம் லக்சா, தேங்காய்ப்பால் சேர்த்த சியாம் லக்சா இரண்டுக்கும் மீன் குழம்புதான்; சைவர்கள் வேறு கடை பார்த்துக்கொள்ள வேண்டும். லக்சாவோடு பருகத் தந்த ஜாதிக்காய்ச் சாறுதான் அடுத்த நிறுத்தத்துக்கு முன்னுரையாக அமைந்தது.

ஜாதிக்காய்த் தோட்டத்தில் சித்தியே எங்களுக்கு வழிகாட்டியாகிவிட்டார். பிறந்த குழந்தைக்கு ஜாதிக்காய், மாசிக்காய், வசம்பு, கடுக்காய் ஆகியவற்றைக் கல்லில் இழைத்து உரைமருந்து கொடுத்த தலைமுறை அவருடையது. ஆயினும் அதை மரத்தில் பழமாக அவர் கண்டதில்லை. மஞ்சள் நிறத்தில் உருண்டு தொங்கும் பழம் முற்றியதும் தானாகவே இரண்டாகப் பிளக்கிறது. உள்ளே பளபளக்கும் கரும்பழுப்பு ஓட்டின் மேல் ரத்தச் சிவப்பில் வலைபோல ஜாதிபத்திரி சுற்றியிருக்கிறது. கடையில் வாங்கும் பத்திரி காய்ந்து வெளுத்த ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். மரத்திலிருந்து அப்போதே விழுந்ததன் சிவப்பைப் பார்த்த சித்தி, அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலைச் சேலையில் துடைக்க மனமில்லாமல் வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் சமையலறைகள் அறிந்தவை விதையும் பத்திரியும் மட்டுமே. பினாங்கிலோ வெளிச்சதைப் பகுதிக்குத்தான் மவுசு: உப்பிலும் சர்க்கரையிலும் ஊறவைக்கிறார்கள், காயவைத்து நறுக்குகிறார்கள், சாறு பிழிகிறார்கள், விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் மூட்டுவலித் தைலமாகிறது.

இந்த மரம் இந்த மண்ணுக்கு உரியதன்று. இந்தோனேசியாவின் பண்டா தீவுகளே அதன் தாயகம். 1786இல் பினாங்கைக் கைக்கொண்ட கிழக்கிந்தியக் கம்பெனி, டச்சுக்காரர்களின் ஏகபோகத்தை உடைக்கும் நோக்கத்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நாற்றுகளை இங்கே கொண்டுவந்தது. தோட்டங்கள் செழித்தன, பின்னர் 1860களில் நோய் தாக்கிப் பெரும்பாலான மரங்கள் அழிந்தன. இன்று பாலிக் புலாவ் சரிவுகளில் நிற்பவை அதற்குப் பின் சிறு விவசாயிகள் நட்டுக் காத்தவற்றின் தொடர்ச்சியாகும். இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. ஜாதிக்காயில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. விதையிலிருந்து வளர்க்கும் மரம் எது என்பது பூக்கும்வரை தெரியாது. அதற்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேலாகிவிடும். அவ்வளவு காலம் நீர் விட்டு வளர்த்த மரம் ஆண் என்று தெரிந்தபின், மகரந்தத்துக்குச் சிலவற்றை விட்டுவைத்து மற்றவற்றை வெட்டிவிடுகிறார்கள். ஒட்டுக்கட்டும் முறை இப்போது பரவியிருப்பதால் இந்தச் சூதாட்டம் குறைந்திருக்கிறது.

இதே இடத்தில் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். தீவுச் சுற்றுலாக்களில் 'பண்ணை' என்று அச்சிட்டிருப்பவற்றில் ஒரு பகுதி வெறும் கடைகள்தான். முன்பு நான் வேறொரு குழுவோடு போனபோது, பண்ணை என்று காட்டிய இடத்தில் பானையில் நட்ட இரண்டு செடிகளும், தைலப் புட்டிகள் அடுக்கிய நீண்ட மேசைகளுமே இருந்தன. மண்ணில் வேர்விட்ட மரங்களைப் பார்க்க முடியுமா, விளைவிப்பவரோடு பேச முடியுமா என்ற இரண்டு கேள்விகளை முன்பதிவின்போதே கேட்டுவிட்டால் பெரும்பாலான ஏமாற்றங்களைத் தவிர்க்கலாம்.

ஆட்டுப் பண்ணையைப் பிள்ளைகளுக்காகச் சேர்த்திருந்தார்கள். தமிழ்நாட்டில் இப்போது பரண்மேல் ஆடு வளர்ப்பு என்று பேசப்படும் முறை, மழை மிகுந்த இந்நாட்டில் வெகு காலமாகவே வழக்கத்தில் இருக்கிறது. தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய கொட்டகையில் சட்டங்களுக்கிடையே இடைவெளி விடப்பட்டிருப்பதால் புழுக்கை கீழே விழுந்துவிடுகிறது. குளம்புகள் ஈரத்தில் ஊறி அழுகுவதில்லை. வெள்ளை வெளேரென்றிருக்கும் சானன் ஆடுகள் சுவிட்சர்லாந்து மலைகளிலிருந்து வந்த, பாலுக்காக வளர்க்கும் இனம். இந்தப் புழுக்கத்தில் அவற்றைப் பேணுவது எளிதன்று என்பதைக் கொட்டகையில் சுழன்றுகொண்டிருந்த மின்விசிறிகள் காட்டின. பாலில் வீச்சமே இல்லை. பக்கத்திலேயே கொசுத்தேனீப் பெட்டிகளும் இருந்தன. மெழுகுக் குமிழில் உறிஞ்சுகுழலைக் குத்தி நேரடியாக உறிஞ்சிய தேன் புளித்ததைக் கண்டு சின்னவன் முகம் சுளித்தான். அது கெட்டுப்போன தேன் அல்ல, நீர்ச்சத்து மிகுந்திருப்பதால் கூட்டிலேயே இலேசாக நொதித்துவிடுவது அதன் இயல்பு.

திரும்பும்போது துன் சார்டோன் சாலை வழியாக மலையைக் குறுக்கே கடந்து பாயா தெருபோங் பக்கம் இறங்கினோம். எதிர்பார்த்தபடியே நான்கு மணிக்கு மேல் மழை கொட்டியது.

போக விரும்புபவர்களுக்கு மாதத் தேர்வே முக்கியம். ஜனவரி, பிப்ரவரியில் ஓடை மெலிந்து, குளங்களில் முழங்கால் அளவே நீர் நிற்கும். செப்டம்பர், அக்டோபரில் மழை மிகுந்து, வழிகாட்டியே அருவியை வேண்டாம் என்று விட்டுவிடக்கூடும். ஜூன், ஜூலையில் டுரியானும் கிடைக்கும், நீரும் அளவாக இருக்கும். ஆனால் அப்போது வார இறுதியில் பாலிக் புலாவ் சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் நகரும் என்பதால், செவ்வாய், புதன் போன்ற வார நாள் ஒன்றைத் தேர்ந்து, தோட்டத்தில் பழத்துக்கும் முன்பே சொல்லிவைத்துவிட்டுப் புறப்படுங்கள்.