ஃபார்மேட் செய்யச் சொன்னது, நான் கேன்சல் கொடுத்தேன்

எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கைச் செருகினேன். விளக்கு எரிந்தது, கணினியில் மட்டும் ஒன்றும் வரவில்லை. பிடுங்கித் திரும்பச் செருகினேன், அப்போதும் அப்படியே. உள்ளங்கையில் அடங்கும் 1 டிபி டிஸ்க். பதினோரு வருடப் படங்கள் அதில் இருந்தன. பாட்டி கதை சொல்லச் சொல்ல நான் பதிவு செய்து வைத்த ஒலிக்கோப்புகளும் அதில்தான். வேறு எங்கும் பிரதி கிடையாது. வயிற்றைக் கலக்கிவிட்டது.

பதற்றத்தில் பத்து தடவை பிடுங்கிச் செருகத்தான் கை போனது. நிறுத்திக்கொண்டு டிஸ்க்கின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். உள்ளே தட்டு சுழலத் தொடங்கும் மெல்லிய அதிர்வு, இரண்டு மூன்று நொடியில் ஒரு சின்ன 'டிக்', அப்புறம் அடங்கிவிடுகிறது. மறுபடி தொடங்குகிறது, மறுபடி அடங்குகிறது. தட்டை முழு வேகத்துக்குக் கொண்டுவரும் அந்த முதல் சில நொடிகளில்தான் இந்த டிஸ்க்குகளுக்கு மின்சாரம் அதிகம் தேவை. தனி அடாப்டர் இல்லாததால் எல்லாமே யூ.எஸ்.பி வழியாக வர வேண்டும். யூ.எஸ்.பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 என்றால் 900. நான் செருகியிருந்ததோ ஒரு துளையைப் பலவாகப் பிரித்துத் தரும் ஹப்பில். அதே ஹப்பில் கீபோர்டும் வெப்கேமும் இருந்தன. கேபிளும் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. டிஸ்க்கில் செருகும் அகலமான முனையை லேசாக அசைத்தாலே விளக்கு சிமிட்டியது.

கேபிளை மாற்றி, கணினியின் பின்பக்கத் துளையில் நேராகச் செருகினேன். அதிர்வு அடங்காமல் சீராகத் தொடர்ந்தது. 'டிக்' சத்தம் திரும்ப வரவில்லை. மின்சாரம் சரியாகக் கிடைத்தும் அந்தச் சத்தம் விடாமல் வந்திருந்தால் உடனே கழற்றி, தரவு மீட்பு செய்பவர்களிடம் கொடுத்திருப்பேன். படிக்கும் ஹெட் பழுதான டிஸ்க்கை ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும் தட்டில் கீறல் விழ வாய்ப்பு.

இப்போது வின்டோஸில் டிரைவ் எழுத்து வந்தது. அதைத் திறந்ததும், பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று ஒரு பெட்டி வந்து நின்றது. ஃபார்மேட் என்றால் இருப்பதை அழித்து டிஸ்க்கைப் புதிதாக அமைப்பது, அதனால் கேன்சல் கொடுத்தேன். வின்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் பார்த்தால் பார்டிஷன், அதாவது டிஸ்க்கில் கோப்புகளுக்கென ஒதுக்கிய பகுதி, அளவு சரியாக இருக்கிறது. வின்டோஸ் கோப்புகளை அடுக்கும் முறையான என்.டி.எஃப்.எஸ் என்று இருக்க வேண்டிய இடத்தில் மட்டும், முறை புரியவில்லை என்று பொருள்படும் 'ரா' இருக்கிறது. எனக்கு உயிர் வந்தது அப்போதுதான். டிஸ்க்கைக் கணினி பார்த்துவிட்டது, அதில் எழுதியிருப்பதைத்தான் படிக்கத் தெரியவில்லை. 'கணினி டிஸ்க்கை எடுக்கவில்லை' என்று பொதுவாகச் சொன்னாலும் டிஸ்க்கே தெரியாமல் போவதும், தெரிந்தும் படிக்க முடியாமல் போவதும் வேறு வேறு கோளாறுகள், வைத்தியமும் வேறு.

வின்டோஸிலேயே இருக்கும் பழுதுபார்க்கும் கருவியான செக்டிஸ்க்கை உடனே ஓட்டிவிடு என்றார் நண்பர். நான் ஒப்பவில்லை. அது பழுதைச் சரிசெய்ய அதே டிஸ்க்கில் எழுதும். டிஸ்க்கே நோயில் கிடக்கும்போது அதன் மேல் எழுதுவது ஆபத்து. முதலில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பார்த்தேன். காத்திருக்கும் செக்டர்கள் என்ற வரியில், பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 16 இருந்தது. செக்டர் என்பது டிஸ்க் தரவை வைக்கும் சிறு துண்டு, அவற்றில் படிக்கச் சிரமப்படுபவை இவை. நான் பயந்தது வீண் இல்லை.

அதனால் முதல் வேலை நகல் எடுப்பது. ஒரு பென்டிரைவில் லினக்ஸ் ஏற்றி, அதிலிருந்து கணினியைக் கிளப்பி, பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளை ஓட்டினேன். மொத்த டிஸ்க்கையும் செக்டர் செக்டராக, காலியாக இருந்த 2 டிபி டிஸ்க்கில் ஒரே கோப்பாக எடுத்துத் தரும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, அடம்பிடிக்கும் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப்போய், நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிடுவதுதான். பிறகு திரும்பி வந்து விட்டதைப் பொறுமையாக முயல்கிறது. எதுவரை படித்தது என்பதைத் தனிக் கோப்பில் குறித்துக்கொள்வதால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மூலம் எது, நகல் போகும் இடம் எது என்பதை மட்டும் டிஸ்க்கின் அளவைப் பார்த்து மூன்று முறை சரிபார்த்தேன். மாற்றிக் கொடுத்தால் எல்லாம் போச்சு. இரவு முழுக்க ஓடியது.

காலையில் அந்த நகலின் மேல், கெட்டுப்போன பார்டிஷனைச் சரிசெய்யும் டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருளை ஓட்டினேன். பார்டிஷன் எப்படி அமைந்திருக்கிறது என்று சொல்லும் முதல் செக்டரான பூட் செக்டர் கெட்டிருக்கிறது, மாற்றுப் பூட் செக்டர் நன்றாக இருக்கிறது என்று காட்டியது. என்.டி.எஃப்.எஸ் தன் பூட் செக்டரின் பிரதி ஒன்றைப் பார்டிஷனின் கடைசி செக்டரில் வைத்திருக்கும். அந்தப் பிரதியை முன்னால் எழுதச் சொன்னேன். நகல்தானே, கை நடுங்கவில்லை. அடுத்து பட்டியல் கேட்டதும் என் ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றன.

இரண்டு வீடியோக்கள் பாதியில் நின்றுவிடுகின்றன. மற்றபடி நான் திறந்து பார்த்த எல்லாம் சரியாக இருக்கின்றன. பாட்டியின் பதிவுகளை ஒவ்வொன்றாக, கடைசி நொடி வரை கேட்டேன். அன்றே அவற்றை வேறு இரண்டு இடங்களில் ஏற்றிவிட்டு, பழைய டிஸ்க்கின் மேல் 'பயன்படுத்தாதே' என்று ஒட்டி வைத்தேன்.