பிணைச் சொத்து இல்லாமல் குப்பை வண்டிக்குக் கடன்

கோவையில் அடுக்குமாடிக் குடியிருப்புகள், உணவகங்கள், திருமண மண்டபங்கள் ஆகியவற்றிலிருந்து தரம் பிரித்த குப்பையை எடுத்துச் செல்லும் சிறு நிறுவனத்தை நானும் என் மைத்துனரும் வாடகை வண்டிகளைக் கொண்டு நடத்திவந்தோம். வருமானத்தில் பெரும்பகுதி வண்டி வாடகைக்கே போனதால், 2023இல் சொந்தமாக இரண்டு சிறிய டிப்பர் வண்டிகளும், அட்டையையும் பிளாஸ்டிக்கையும் அழுத்திக் கட்டும் பேலிங் இயந்திரமும் வாங்க முடிவு செய்தோம். அதற்கு 20 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான கடன் தேவைப்பட்டது; அடமானம் வைக்க வீடோ நிலமோ எங்களிடம் இல்லை.

மானியத்துடன் கூடிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் புதிதாகத் தொடங்கும் தொழில்களுக்கானது என்பதால், ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த எங்கள் நிறுவனத்துக்கு அது பொருந்தவில்லை. எஞ்சியது, மத்திய அரசும் சிறு தொழில்களுக்கான வளர்ச்சி வங்கியான சிட்பியும் சேர்ந்து 2000இல் அமைத்த கடன் உத்தரவாத அறக்கட்டளையின் வழி; வங்கிகளில் இதை சிஜிடிஎம்எஸ்இ என்பார்கள்.

இதை அரசே கொடுக்கும் கடன் என்று பலர் எண்ணுகிறார்கள். பணம் கொடுப்பது வங்கி. கடன் திரும்பாமல் போனால் இழப்பின் ஒரு பகுதியை, எங்கள் அளவிலான கடனுக்குப் பொதுவாக 75 விழுக்காட்டை, அறக்கட்டளை வங்கிக்கு ஈடு செய்யும். அதுவும் கடன் வாராக்கடனாகி, வங்கி சட்ட நடவடிக்கையைத் தொடங்கிய பிறகுதான். கடன் வாங்கியவரின் பொறுப்பு ஒரு ரூபாய்கூடக் குறைவதில்லை. ஆகவே, அரசு உத்தரவாதம் இருக்கும்போது மேலாளர் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார் என்று சலித்துக்கொள்வதில் பொருளில்லை.

நாங்கள் முதலில் அணுகிய வங்கி, உத்தரவாதத் திட்டத்தைப் பற்றி எடுத்துச் சொன்ன பிறகும் வீட்டுப் பத்திரம் கேட்டது. குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்குப் பிணைச் சொத்து கேட்கக்கூடாது என்பது அப்போதைய ரிசர்வ் வங்கி விதி. அதற்கு மேற்பட்ட தொகையை உத்தரவாதத்தின்கீழ் கொடுப்பதா வேண்டாமா என்பது வங்கியின் முடிவு. வாதாடாமல் வேறு வங்கிக்குச் சென்றோம்.

அங்கே எங்களுக்குக் கைகொடுத்தவை வாடிக்கையாளர் ஒப்பந்தங்கள். நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை உருவாக்கும் இடங்களை மொத்தக் கழிவு உருவாக்குவோர் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகைப்படுத்தி, அவர்களுக்குத் தனிப் பொறுப்புகளை விதித்திருந்தன. அத்தகைய குடியிருப்புகளின் சங்கங்களோடு செய்துகொண்ட எழுத்துபூர்வ ஒப்பந்தங்களும், மாதந்தோறும் சேவைக் கட்டணம் வரவானதைக் காட்டும் நடப்புக் கணக்கு விவரமும் திட்ட அறிக்கையைவிட அதிகம் பேசின. சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உதயத்தில் பழைய பொருள் வணிகம் என்று காட்டாமல், அபாயமற்ற கழிவு சேகரிப்புக்கான 38110 என்ற குறியீட்டைக் கொடுத்திருந்ததும் உதவியது, ஏனெனில் காயலான் கடை என்ற எண்ணத்தோடு கோப்பைத் திறக்கும் அதிகாரிக்கும் சேவைத் தொழில் என்று படிக்கும் அதிகாரிக்கும் வேறுபாடு உண்டு.

மேலாளர் மழை நாளில் கொட்டகைக்கு வந்தார். நனைந்த அட்டைக் கட்டைத் தொட்டுப் பார்த்து, ஈரத்துக்கு எடையில் எவ்வளவு கழிப்பார்கள் என்று கேட்டவர், அறிக்கையில் நாங்கள் காட்டியிருந்த உலர்கழிவு விற்பனை வருமானத்தைப் பாதியாகக் குறைத்தே தவணைக்கான கணக்கைப் போட்டார். அன்று அது கடுமையாகத் தோன்றினாலும், அட்டை விலை இறங்கும் மாதங்களில் அவர் போட்ட கணக்கே சரியாக வந்தது. கொட்டகைக்குத் தீ விபத்துக் காப்பீடு எடுப்பதையும் நிபந்தனையாகச் சேர்த்தார்.

அனுமதிக்குப் பிறகு கடன் தொகை எங்கள் கைக்கு வராமல், கொட்டேஷன் கொடுத்த விற்பனையாளர்களுக்கே நேராகச் சென்றது; பதிவுச் சான்றில் வண்டிகள் வங்கியின் பெயரில் ஈடாகப் பதிவாயின. முதல் சில மாதங்களுக்கு அசல் கட்ட வேண்டியதில்லை என்றாலும் வட்டி ஓடியது. உத்தரவாதக் கட்டணத்தை வங்கி எங்கள் கணக்கிலிருந்தே எடுத்தது. 10 முதல் 50 லட்சம் வரையிலான கடனுக்கு அப்போது அது ஆண்டுக்கு 0.55 விழுக்காடு. ஒருமுறை கட்டி முடிப்பதாக இல்லாமல் ஆண்டுதோறும் வரும் செலவு என்பதால், வட்டி விகிதங்களை ஒப்பிடும்போதே இதையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.