சுபயலாத் ராணிக்கு ஒரு மாங்கா

மாங்கா என்கிற ஜப்பானியப் படக்கதைகளில் காதல் காமெடிக் கதைகளை விழுந்து விழுந்து படிப்பவர்களுக்கு ஒரு வகை நாயகியை நன்றாகத் தெரியும். எந்நேரமும் முறைப்பாள், அதட்டுவாள், நாயகனை இன்னொருத்தி திரும்பிப் பார்த்தாலே பக்கம் முழுக்க நெருப்பு எரியும், அவன் ஒரு வார்த்தை அன்பாகப் பேசிவிட்டால் மட்டும் காது வரை சிவந்துபோவாள். சுண்டெரே என்பார்கள். சரித்திரத்தில் அப்படி ஒருத்தியைக் காட்டச் சொன்னால் நான் ஜப்பானுக்கெல்லாம் போகமாட்டேன், இதே யாங்கூனில், அதாவது பழைய ரங்கூனில், ஷ்வேடகோன் பகோடா சாலையில் அடக்கமாகியிருக்கும் பர்மாவின் கடைசி ராணி சுபயலாத்தைத்தான் காட்டுவேன்.

கதையின் தொடக்கமே மாங்கா மாதிரிதான் இருக்கிறது. தீபோ ஒரு சாது இளவரசன், காவி உடுத்தி பாலி படித்து புத்தமதத் தேர்வில் தேறியவன், சிம்மாசனத்தை யாரும் அவனுக்கென்று நினைத்ததே இல்லை. 1878இல் மிண்டோன் மன்னர் இறந்ததும், இவன் வாய் பேசமாட்டான், சொன்னபடி கேட்பான் என்று கணக்குப்போட்டு அவனை அரியணையில் ஏற்றியவர்களில் முக்கியமானவள் சுபயலாத்தின் அம்மா, சின்பியூமாஷின் ராணி. மூத்த மகளைக் கட்டிவைப்பதுதான் அம்மாவின் திட்டம். நடு மகள் விடுவாளா? மூத்தவள் பேருக்கு ராணியாக ஓரமாக நிற்க, அரண்மனை சுபயலாத் கைக்கு வந்துவிட்டது. அப்பா மிண்டோனுக்கு டஜன் கணக்கில் ராணிகள், நூறுக்கு மேல் பிள்ளைகள். மகனுக்கோ இவள் ஒருத்தியைச் சமாளிக்கவே நேரம் போதவில்லை.

இதுவரை சிரிக்கலாம். ஆனால் 1879 பிப்ரவரியில் அரச குடும்பத்து உறவினர்கள் ஏறக்குறைய 80 பேரைக் கொன்றுபோட்டார்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட. அதைக் குட்டிக் குட்டி உருவமாக வரைந்து காமெடி பண்ண முடியாது. தீபோ மனதைப் பறிகொடுத்த தாயிங் கின்கின் என்ற பணிப்பெண்ணின் முடிவும் அப்படித்தான், மாங்காவில் போட்டிக்கு வந்தவள் கடைசி அத்தியாயத்தில் அழுதுகொண்டே வாழ்த்திவிட்டுப் போவாள், இங்கே அவளைக் கொன்றேவிட்டார்கள். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் எல்லாப் பழியையும் சுபயலாத் தலையில் கட்டியதற்கு அரசியல் காரணமும் உண்டு என்பது என் எண்ணம், நாட்டைப் பிடிக்கப் போகிறவனுக்கு ஒரு ராட்சசி தேவைப்படுவாள். பெயர் வாயில் நுழையாமல் சிப்பாய்கள் ‘சூப் பிளேட்’ என்று வேறு கேலி செய்தார்கள். அதற்காக அவளை அப்பாவி என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

அதனால் இவளை வைத்து நான் எழுத நினைக்கும் மாங்கா 1885 நவம்பரில்தான் தொடங்கும். தேக்கு மரத் தகராறைச் சாக்காக வைத்து ஆங்கிலேயர் தலைநகர் மாண்டலேயைப் பிடித்து, ராஜாவையும் ராணியையும் கப்பலேற்றிவிட்டார்கள். ராஜ்ஜியம் இல்லை, யாரையும் கொல்லும் அதிகாரமும் இல்லை, மிச்சம் ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி. கூடவே ராணியின் தங்கையும் வந்தாள், அவளும் தீபோவின் மனைவிதான், ஆக முக்கோணம் ரெடி! அப்புறம் மதராஸ் எபிசோட். 1886 ஏப்ரல் வரை அங்கேதான் வைத்திருந்தார்கள், மூன்றாவது இளவரசி பிறந்ததும் அங்கேதான். நம் ஆட்கள் மதராஸிலிருந்து ரங்கூனுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலத்தில் ரங்கூன் வழியாக பர்மா ராஜா மதராஸுக்குப் போய் இறங்குகிறார், இதைவிட நல்ல காமெடியை எந்தக் கதாசிரியர் யோசிப்பார்?

பிறகு ரத்னகிரி. 1916இல் தீபோ சாகும் வரை முப்பது வருடம் அரபிக்கடலோரத்தில் அதே சண்டை, அதே முறைப்பு. அதற்குள் அடுத்த தலைமுறைக்கும் கதை வந்துவிடும், மூத்த இளவரசி வீட்டுக் காவல்காரர் கோபாலைக் காதலித்து 1906இல் துது என்ற பெண் குழந்தையைப் பெற்றாள். ராணி அம்மாவின் முகத்தை அன்றைக்கு முழுப்பக்கப் படமாகப் போட வேண்டும்.

வரைவது என் அக்கா மகள். ராணிக்கு ரோஸ் கலரில் தலைமுடி வைத்தே தீருவேன் என்கிறாள், கறுப்புக் கொண்டைதான் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கோபாலுக்கு மீசை உண்டு என்பதில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போய்விட்டது.