சீனக் காசும் பிசிரும்

போன மாசம் ராமேஸ்வரத்தில் சங்கு, பாசி விற்கிற கடை வரிசையில், நடுவில் சதுர ஓட்டை போட்ட ஒரு காசை இருநூறு ரூபாய்க்கு வாங்கி ஏமாந்தேன். "சோழர் காலத்துச் சீனக் காசு தம்பி, கடல்ல கிடைச்சது" என்றார் கடைக்காரர். நம்ப ஆசையாக இருந்தது, நம்பிவிட்டேன். நம் பெரியபட்டினத்து மண்ணிலேயே சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருக்கின்றன, பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கம் சீனக் காசுகளே புதையலாகக் கிடைத்தன. 1077-இல் சீனாவுக்குப் போன சோழத் தூதுக்குழுவுக்கு அங்கே 81,800 சரம் செப்புக்காசு கொடுத்தனுப்பியதாக அவர்கள் வரலாற்றிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சரத்துக்கு ஆயிரம் என்று கணக்கு. அதில் ஒன்று எனக்கு வரக் கூடாதா என்ன?

வீட்டில் அப்பா வாங்கி விளிம்பைத் தடவினார். "பிசிரே எடுக்கலையேடா."

அவர் பாம்பனில் வலைக்கு ஈயக்குண்டு வார்த்தவர். அச்சின் இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் ஈயம் கசிந்து பிசிராக நிற்கும், அதைச் சீவாமல் விட்டால் வலையை அறுத்துவிடும்.

நம் ராஜாக்கள் காசை அச்சால் அடித்தார்கள், சீனர்கள் வார்த்தார்கள். பிற்காலத்தில் மூலக் காசுகளை மணலில் பதித்து, இடையே வாய்க்கால் கீறி வெண்கலத்தை ஊற்ற, கிளையில் காய்த்த மாதிரி காசுகள் ஒட்டிக்கொண்டு வரும். ஒடித்தெடுத்து, ஒரு சதுரக் கம்பியில் மொத்தமாகக் கோத்து, விளிம்பை அரத்தால் ராவுவார்கள். ஓட்டை வட்டமாக இருந்தால் காசு கம்பியில் சுழன்றுவிடும், அரம் பிடிக்காது. கயிற்றில் கோக்க மட்டும்தான் அந்த ஓட்டை என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்!

என் காசில் இருந்தது 'கை யுவான் தோங் பாவ்', மேல், கீழ், வலம், இடம் என்று படிக்க வேண்டிய நாலு எழுத்து. டாங் வம்சத்தில் 621-இல் தொடங்கிய காசு, அப்படியென்றால் கடைக்காரர் சொன்ன சோழர் காலத்துக்கும் முந்தியது, பொய் சொல்வதிலும் கஞ்சத்தனம். அசலில் இந்த எழுத்துக்கு அவ்வளவு அழகு, என்னுடையதில் சோப்பில் செதுக்கிய மாதிரி மழுங்கிக் கிடந்தது.

இன்னொன்று, இந்தச் சீனக் காசை ஆங்கிலத்தில் 'கேஷ்' என்கிறார்கள். நம் 'காசு' போர்ச்சுகீசியர் வாயில் புகுந்து அப்படி ஆனதாம்.

சரி, இருநூறு ரூபாய்? அப்பா அந்தக் காசை ஈயத்துக்குப் பதிலாகத் தூண்டிலில் கட்டியிருக்கிறார். ஓட்டை வசதியாக இருக்கிறதாம்.