கோத்தகிரிக் குளிரில் மணி: தத்தெடுத்த நாய்க்குட்டியின் முதல் வாரங்கள்

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தபோது, பச்சைத் தேயிலை எடை போடும் கொட்டகை ஒன்றில் தாயில்லாமல் நனைந்து கிடந்த குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மணி என்று பெயர் வைத்தோம். முதலில் தெரிய வேண்டியது அதன் வயது. ஏனெனில் மருந்து, உணவு, தடுப்பூசி மூன்றும் அதை ஒட்டியே அமைகின்றன. நாய்க்குட்டிக்கு மூன்றாவது வாரம் முதல் பால்பற்கள் முளைத்து, ஏறக்குறைய எட்டாவது வாரத்துக்குள் 28 பற்களும் வந்துவிடும். மணிக்கு முன்பற்களும் கோரைப்பற்களும் வந்திருந்தன; பின்பற்கள் ஈறைக் கீறிக்கொண்டிருந்தன. ஆறு வாரம் இருக்கலாம் என்று கால்நடை மருத்துவர் கணித்தார்.

அழுக்காக இருக்கிறதே என்று வந்த அன்றே குளிப்பாட்ட எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். மலையில் அதைச் செய்யக் கூடாது. உலர்ந்த துண்டால் அடிமயிர் வரை துவட்டி, சிமெண்டுத் தரையின் சில்லிப்பு ஏறாதபடி பலகை மேல் சாக்கு விரித்து, பழைய கம்பளியில் சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தோம். சூடு மிகுந்தால் குட்டி தானாகவே மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். உடல் சில்லிட்டிருக்கும் குட்டிக்கு உணவு செரிக்காது என்பதால், வெப்பமானி 101 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்ட பிறகே ஊட்டினோம். 101 முதல் 102.5 வரை நாய்க்கு இயல்பான வெப்பம்.

அதன் காதோரம் தெள்ளுப்பூச்சி ஓடுவதைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பாட்டி, "தைலம் ரெண்டு சொட்டு தேச்சு விடு கண்ணு, ஒண்ணும் நிக்காது" என்று அக்கறையோடு சொன்னார். நீலகிரித் தைலம் இல்லாத வீடு இங்கே கிடையாது. ஆனால் அது நாய்க்கு நஞ்சு. தோலில் பட்டதைக் குட்டி நக்கினால் வாயில் நுரை தள்ளும், வாந்தி வரும், தள்ளாட்டமும் வலிப்பும்கூட நேரலாம். பாட்டியிடம் இதைப் பணிவாக எடுத்துச் சொல்லிவிட்டு, பல் நெருங்கிய சீப்பால் வாரி, சிக்கிய பூச்சிகளைச் சோப்புத் தண்ணீரில் போட்டோம். மற்றதை மருத்துவர் எடை பார்த்துக் கொடுத்த மருந்து கவனித்துக்கொண்டது.

பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். ஆகையால் குழைய வேகவைத்த சோற்றில் உப்பில்லாத கோழிக்கறியை மசித்து, குட்டிகளுக்கான உலர்தீவனத்தையும் ஊறவைத்துக் கலந்து, நாளுக்கு நான்கு வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். மீந்த குழம்பை ஊற்றவே இல்லை. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வீட்டிலேயே சாக்லேட் செய்யும் இந்த ஊரில் அதையும் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

உடல் மெலிந்தும் வயிறு மட்டும் பானை போல உப்பியும் இருந்தது. உருண்டைப் புழுக்கள் தாயின் கருப்பை வழியாகவும் பால் வழியாகவும் குட்டிக்கு வந்துசேர்பவை. எனவே பிறந்ததிலிருந்தே புழு இருக்கிறது என்று கொள்வதுதான் சரி. மருந்து கொடுத்த மறுநாள், விரித்திருந்த செய்தித்தாளில் வெளிறிய நீளமான புழுக்கள் சுருண்டு கிடந்தன. அவற்றில் சில இன்னும் நெளிந்தன. ஒரு தடவையோடு இது தீராது. பன்னிரண்டு வாரம் வரை இரு வாரத்துக்கு ஒரு முறையும், பின்னர் ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறையும் கொடுக்க வேண்டும். அந்தப் புழுக்களின் முட்டைகள் மண் வழியாகக் குழந்தைகளின் வயிற்றுக்குள் போகக்கூடியவை என்பதால், கழிவை உடனுக்குடன் அள்ளிக் கை கழுவுவதை வீட்டு விதியாக்கினோம்.

எங்களை அதிகம் கவலைப்படவைத்தது, குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ என்ற வைரஸ் நோய். குட்டி தாயிடம் முதலில் குடித்த சீம்பாலிலிருந்து பெற்ற எதிர்ப்புப் பொருள் சில வாரங்கள் காக்கும். அதே பொருள் தடுப்பூசியையும் வேலை செய்யவிடாமல் தடுக்கும். அது எப்போது முழுதும் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும் வரை பார்வோவுக்கும், டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய்க்குமான தடுப்பூசிகளைத் திரும்பத் திரும்பப் போடுவதன் காரணம் இதுவே. முதல் ஊசி போட்டாயிற்று என்று நிம்மதியாகத் தெருவில் விடுவதைப் போல ஆபத்து வேறில்லை. பார்வோ கிருமி ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும். செருப்புகளை வாசலிலேயே கழற்றினோம். ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் என்று கலந்து வாசற்படியைத் துடைத்தோம். குட்டி திடீரென்று சோர்ந்து, வாந்தியெடுத்து, இரத்தம் கலந்த பேதியும் போனால் காலை வரை காத்திருக்கக் கூடாது.

ஆனால் வீட்டுக்குள்ளேயே பூட்டி வளர்க்கவும் முடியாது. மூன்று முதல் பதினான்கு வாரம் வரையிலான பருவத்தில் பழகாத ஓசையும் மனிதர்களும் பின்னாளில் அச்சமாக மாறலாம். அதனால் மணியைத் தரையில் இறக்காமல், சால்வைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையம் வரை போய்வந்தோம். ஹாரன் ஒலிக்கு முதலில் என் கைமடிப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்ட குட்டி, போகப் போகக் காதை மட்டும் நிமிர்த்திப் பார்க்கத் தொடங்கியது.

பன்னிரண்டு வாரம் ஆனதும் ரேபிஸ் தடுப்பூசி போட்டோம். வெறிநாய்க்கடிச் சிகிச்சைக்காகத் தொடங்கப்பட்டு 1907 முதல் இயங்கும் பாஸ்டர் நிறுவனம் பக்கத்துக் குன்னூரில்தான் இருக்கிறது. இருந்தும் குட்டி பிராண்டினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் இங்கும் உண்டு. ஊசி போடாத குட்டி கடித்தாலோ பிராண்டினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கும் சொல்லிவைத்திருக்கிறோம்.

இப்போது மணிக்குப் பார்வோ தடுப்பூசியின் கடைசித் தவணையும் முடிந்துவிட்டது. முன்பற்கள் விழுந்து புதியவை முளைக்கின்றன. பகலில் முற்றத்தில் ஓடுகிறது. தேயிலைக் காட்டோரம் சிறுத்தை நடமாட்டம் இருப்பதால், பொழுது சாய்ந்தபின் வீட்டுக்குள்தான் படுக்கை. கருத்தடை அறுவையை எப்போது செய்யலாம் என்று ஆறாவது மாதம் மருத்துவரிடம் கேட்க இருக்கிறோம். ரேபிஸ் ஊசியின் ஊக்கத் தவணை அடுத்த ஆண்டு வரும்.